கடைசிப் பெட்டி தெரியாத வண்டி

அந்திப்பூ இல்லத்தின் விண்ணப்பப் படிவத்தில் பதினேழாவது கேள்வி இப்படி இருந்தது: ‘சேர்க்கப்பட வேண்டிய முதியவர் (அ) அமைதியானவர் (ஆ) ஓரளவு அமைதியானவர் (இ) அமைதியற்றவர்.’ அதற்கு அடியில் பொடி எழுத்தில், ‘இ பிரிவினர் தற்போது சேர்க்கப்படுவதில்லை’ என்று கண்டிருந்தது. மனம் தடுமாறிய முதியவர்களுக்கென்றே மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் கடலோரமாகக் கட்டப்பட்ட இல்லம் அது. தடுமாறலாம், சத்தம் போடாமல் தடுமாற வேண்டும் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. நீச்சல் தெரிந்தவனுக்குத்தான் மிதவை தருவேன் என்று ஒரு கப்பல்காரன் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

ஜெபக்குமார் ‘அ’வை டிக் செய்து அனுப்பிவிட்டான். ஐம்பது வயதில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய பொய்களில் இது சிறியதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் திறப்பு விழா அன்று காலை, சபையில் ஒருவரிடம் இரவல் வாங்கிய வேனை ஓட்டிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அந்தப் பொய் பெரிதாகிக்கொண்டே வந்தது. இலவசப் படுக்கை பத்து. ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பத்தாவதுக்கு அவன் அப்பா மோசஸ். சேர்ப்பதற்கு முன்னால் மதியச் சாப்பாடு வரைக்கும் ஒருத்தர் பக்கத்திலிருந்து கவனிப்பாராம். பெரியவர் ஒரு மணி வரை சும்மா இருந்துவிட்டால் போதும். ஒரு மணி வரை. கிறிஸ்தவனாகப் பிறந்த ஒருவன் இதைவிடப் பெரிய அற்புதங்களை எல்லாம் நம்பி வளர்ந்தவன்தானே.

மோசஸுக்கு எழுபத்தெட்டு. முப்பத்தாறு வருடம் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு லெவல் கிராசிங்கில் கேட்மேன். அவருடைய அப்பா அடுத்தவர் கழனியில் சேற்றில் நின்றே செத்தவர். அந்தக் கழனிக்காரரின் அம்பாசிடர், மோசஸ் சாத்திய கேட்டுக்கு முன்னால் நின்று, ஹாரன் அடித்து, அடித்துச் சலித்து, அப்புறம்தான் போகும். குடும்பத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத அதிகாரம் அது. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகி, அந்த இடத்தில் சுரங்கப்பாதையும் வந்து, கேட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பெரியவரின் தலைக்குள்ளிருந்து மட்டும் பிடுங்க முடியவில்லை. ஊர், தெரு, செத்துப்போன மனைவியின் முகம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோக, கேட் மட்டும் நின்றுவிட்டது.

வீடு தண்டவாளத்துக்கு இருநூறு அடி. ரயில் சத்தம் கேட்டால் போதும், எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தி, கொண்டி போட்டு, குறுக்கே நிற்பார். பால்காரர் உட்பட யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. அவர் நினைவில் மிஞ்சிய சட்டம் இரண்டு. வண்டியின் கடைசிப் பெட்டி போனதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டு ஒரு எண் சொல்ல வேண்டும். இரண்டும் ஆனால்தான் கொண்டி திறக்கும்.

ஸ்டேஷன் மாஸ்டர் வேலையைப் பார்ப்பது மருமகள் ரூத். அடுப்படியிலிருந்தே அவர் செல்லுக்குப் போன் போட்டு, குரலைக் கனமாக்கி, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வாள். கேஸ் புத்தகத்து எண், பஸ் நம்பர், தன் இரத்தக் கொதிப்பு எவ்வளவோ அது. பகலில் வீட்டில் இருந்தால் இருபது முப்பது தடவை. இரவிலும் ரயில்கள் ஓடத்தான் செய்கின்றன. ஜெபக்குமாருக்குக் கடவுள் கொடுத்த வரம் தூக்கம். கூட்ஸ் வண்டி அவன்மேலேயே ஏறிப்போனாலும் புரண்டுதான் படுப்பான். ரூத்துக்கு அந்த வரம் இல்லை. மறைமலை நகர் தையல் கம்பெனியில் ஒரு மதியம் மெஷின் முன்னாலேயே கண்ணயர்ந்து, ஊசி விரலுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு மாதமாகச் சம்பளமில்லாத லீவில் வீட்டோடு இருக்கிறாள்.

“அவருக்கு ஒரு எடம் பாருங்க, இல்ல எனக்கு ஒரு எடம் பாருங்க” என்று அவள் போன மாதம் சொன்னாள். “ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரின்னாலும் பரவால்ல. ஆனா பக்கத்துப் பக்கத்துல பெட்டு போடச் சொல்லாதீங்க.”

அப்படித்தான் ஜெபக்குமார் இந்த இடத்தைக் கண்டுபிடித்தான். கடற்கரைச் சாலையில் தண்டவாளமே கிடையாது. முப்பது கிலோமீட்டருக்கு ஒரு ரயில் ஓடாது. ரயில் இல்லாத ஊரில் கேட்மேனுக்கு என்ன வேலை? இதைவிடச் சுத்தமான யோசனை தன் ஆயுளில் தனக்குத் தோன்றியதில்லை என்று அவன் நம்பினான்.

பத்து மணிக்கு வேன் உள்ளே நுழைந்தது. வாசல் முழுக்கப் பேனர். ‘கருணையின் கரங்கள்: முதுமை, மனநலம், சமூகம். தேசியக் கருத்தரங்கமும் இல்லத் திறப்பு விழாவும்.’ பேனரில் ஒரு சுருங்கிய கையை ஓர் இளம் கை பிடித்திருந்தது. இரண்டுமே வெள்ளைக்காரக் கைகள். வருகிறவர்களுக்கெல்லாம் சணல் பையில் ஒரு பேனா, ஒரு நோட்டு, மன அழுத்தம் வந்தால் பிசைவதற்கு மூளை வடிவில் ஒரு ரப்பர் பந்து. இரும்புக் கேட்டுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டத் தயாராகத் தொங்கியது. அறக்கட்டளைத் தலைவர் முனைவர் பார்த்தசாரதி வந்து வெட்டுவார். வெட்டியபின் ‘அவர்கள் உலகத்துக்குள் நுழைவோம்’ என்று ஒரு மணி நேரம் பேசுவார். அதன்பின், குடும்பத்தினர் சார்பில் ஐந்து நிமிடம் ஜெபக்குமார். தலைப்பு, ‘என் தந்தை, என் குழந்தை.’

“கொழந்தைய கடைசியா எப்ப குளிப்பாட்டுனீங்க?” என்றாள் ரூத், வேனிலிருந்து இறங்காமலே.

“இன்னிக்கி ஒரு நாளு சும்மா இரேன்.”

“நான் சும்மாத்தான் கீறேன். நானு ‘அ’ பிரிவு.”

கல்யாணி என்ற இளம்பெண் அட்டையும் படிவமுமாக வந்தாள். இல்லத்தின் ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்த புன்னகை. மோசஸைக் குனிந்து கும்பிட்டு, “தாத்தா, நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?” என்று குழந்தையிடம் கேட்பதுபோல் இழுத்துக் கேட்டாள்.

மோசஸின் காது வேறெங்கோ இருந்தது. வேனைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தார். கட்டடத்துக்குப் பின்னால், சவுக்குத் தோப்பு தாண்டி, கடல் இரைந்துகொண்டிருந்தது.

“கூட்ஸு” என்றார்.

“இன்னா நைனா?” என்றான் ஜெபக்குமார்.

“லோடு வண்டி. பெருசு. கேக்கல?” சொல்லிக்கொண்டே நடந்தார். எழுபத்தெட்டு வயது முழங்கால் அந்த வேகத்துக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அது டூட்டியில் இருக்கும் முழங்கால். இரண்டு இரும்புக் கதவையும் இழுத்துச் சாத்தினார். கொண்டி போட்டார். தொங்கிய சிவப்பு ரிப்பனைப் பிடித்து இழுத்து அறுத்து, கேட்டுக் கம்பியில் கொடி மாதிரி சுற்றிவிட்டு, கை இரண்டையும் விரித்து நின்றார்.

ஜெபக்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. செங்கல்பட்டுக்காரர்கள் மாமல்லபுரத்துக்குப் போவது வெளியூர்ச் சொந்தக்காரர் யாராவது வந்தால் மட்டும்தான். கடல் இப்படிச் சத்தம் போடும் என்பதை அவன் யோசித்ததே இல்லை. ரயில் இல்லாத ஊராகப் பார்த்துப் பார்த்துத் தேடி, முடிவே இல்லாத ரயில் ஒன்று ஓடுகிற ஊருக்கு அப்பாவைக் கூட்டிவந்திருந்தான்.

வெளியே தலைவரின் கார் வந்து நின்றது. பின்னால் இரண்டு கார்கள். ஹாரன் அடித்தார்கள். அது தவறு. ஹாரன் அடிக்கிறவர்களைச் சமாளிப்பதில் மோசஸுக்கு முப்பத்தாறு வருட அனுபவம்.

“அடி, நல்லா அடி” என்றார் அவர் திரும்பாமலே. “அவசரம்னா நேத்தே வந்திருக்கணும்.”

கேட்டுக் காவலாளி சடையப்பன் சதுரங்கப்பட்டினத்து மீனவர். போன வாரம்தான் நீலச் சட்டை போட்டிருந்தார். அவர் வந்து, “இன்னா பெருசு, எம் பொழப்புல மண்ணப் போடற? தொற பெருசு” என்றார்.

“எந்த பேட்ச்சு நீ? ரூல் தெரியாதா? வண்டி போய்க்கினு கீதுல்ல?”

சடையப்பன் பின்னால் திரும்பிக் கடலைப் பார்த்தார். “அதுவா? அது நான் பொறந்ததுலேந்து போய்க்கினு கீது.”

“அப்ப இன்னும் கடைசிப் பெட்டி வரல.”

“அதத்தான் அண்ணாத்த நானும் பாத்ததில்ல” என்று சடையப்பன் ஜெபக்குமாரிடம் ஒப்புக்கொண்டார்.

கல்யாணி சிரிப்பு மாறாமல் படிவத்தைப் புரட்டி, “சார், இவர் ‘அமைதியானவர்’னுதானே போட்டிருந்தீங்க?” என்றாள்.

“அமைதிதான் மேடம். கொஞ்சம் கடமை உணர்ச்சி ஜாஸ்தி.”

ரூத் வேனுக்குள்ளிருந்தே போன் போட்டாள். மோசஸின் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்தார். “சொல்லுங்க மாஸ்டர்.”

“வண்டி போயாச்சு. நாப்பத்தாறு.”

மோசஸின் முகம் மாறியது. “வண்டி எங் கண்ணு முன்னால போய்க்கினே கீது, நீ நம்பர் குடுக்கறியா? குடிச்சிருக்கியா நீ? யாரு நீ, எந்த ஸ்டேஷன் மாஸ்டரு?” போனை அணைத்துவிட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த உபாயம் தோற்றது. வேனின் ஜன்னலில் ரூத் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசியில் முனைவர் பார்த்தசாரதியே காரிலிருந்து இறங்கினார். பட்டுச் சட்டை, சந்தனம், பின்னால் புகைப்படக்காரர். கருணைப் பராமரிப்பு பற்றி அவர் பதினோரு நாடுகளில் பேசியிருக்கிறார் என்று அழைப்பிதழ் சொன்னது. கேட்டுக் கம்பிகளுக்கு வெளியே நின்று, புகைப்படக்காரர் தயாராகும்வரை காத்திருந்து, பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா. நான் உங்களை மறுக்க மாட்டேன். உங்கள் உலகத்துக்குள் நான் வரலாமா?”

“வண்டி வர்ற நேரத்துல யாரும் உள்ள வரக்கூடாது” என்றார் மோசஸ்.

“சரி ஐயா. அந்த வண்டியை நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போமா?”

“அங்கேந்தே பாரு. கோட்டுக்கு அந்தாண்ட நில்லு.”

முனைவர் கோட்டுக்கு அந்தாண்டை நின்றார். பதினொரு மணி வெயில். அவர் பார்த்துப் பார்த்து, வேர்த்து, இருபது நிமிடத்துக்குப் பிறகு அந்த உலகத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். கல்யாணியைக் கம்பி வழியாகக் கூப்பிட்டு, “இந்த ஆளை யார் உள்ளே விட்டது? ரெண்டு பேர் பிடிச்சு ஓரமா நகர்த்துங்க. போட்டோ வேண்டாம், போட்டோ வேண்டாம்!” என்றார். புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார்.

சமையல்காரர் ஒருவரும் ஒலிபெருக்கிக்காரர் ஒருவரும் வந்து பெரியவரின் தோளைத் தொட்டார்கள். அவ்வளவுதான். மோசஸ் கத்திய கத்தல் மனிதக் கத்தல் இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தொறந்தா பஸ்ஸு ஏறிடும்! பஸ்ல ஜனம் கீது! பசங்க கீது!” என்று அலறினார். அவர் கண்ணில் உண்மையாகவே ஒரு பேருந்து தெரிந்தது. பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். சடையப்பன், “தொடாதீங்கப்பா, பாவம்” என்று குறுக்கே வந்து நின்றுகொண்டார். உள்ளே, கருத்தரங்கப் பந்தலில் இருந்த பிரமுகர்கள் எல்லோரும் மூளைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

ரூத் இறங்கி வந்தாள். கணவனின் காதருகே சொன்னாள். “போன் எடுபடாது. ரிலீவர் வந்தாத்தான் வுடுவாரு. நீங்க போங்க.”

“நானா?”

“பின்ன? நான் ஸ்டேஷன் மாஸ்டரு. எனக்கு அந்த வேல வேற கீது.”

ஜெபக்குமார் மேடைக்கென்று போட்டுக்கொண்டிருந்த முழுக்கைச் சட்டையோடு, அத்தனை பேர் பார்க்க, அப்பாவிடம் போய் நின்றான். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டுக்குப் போய் நின்றபோது கேட்ட வாசகம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“டூட்டி மாத்த வந்திருக்கேன்.”

மோசஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். “வரதன் வரலியா?”

வரதன் அப்பாவை மாற்றிவிட வருகிற ஆள். எந்நாளும் தாமதம். செத்துப் பத்து வருடம் ஆகிறது. “வரதனுக்கு ஒடம்பு சரியில்ல. நான் புதுசு.”

“தூங்கினியா ராத்திரி?”

“நல்லா தூங்கினேன்” என்றான் ஜெபக்குமார். அன்று காலையிலிருந்து அவன் சொன்னதில் இதுதான் கலப்படமில்லாத உண்மை.

“பேரு?”

“ஜெபக்குமார்.”

பெரியவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. “எம் மவனுக்கும் அதான் பேரு. காலேஜ்ல கீறான். உன்ன மாதிரி கேட்டாண்டல்லாம் வந்து நிக்க மாட்டான் அவன். வுட மாட்டேன் நான்.” பிறகு ரிப்பனை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார். “லோடு வண்டி. நீளம் ஜாஸ்தி. கடைசிப் பெட்டி பாக்காம தொறந்துடாத. எவன் இன்னா சொன்னாலும் தொறந்துடாத. பெரிய ஆளுங்கதான் மொதல்ல சத்தம் போடுவானுங்க.”

போய்ப் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ரூத் கேசரியும் போண்டாவும் கொண்டுவந்து தந்தாள். சாப்பிட்டார். ஆனால் கண் மட்டும் கேட்டை விட்டு அகலவில்லை. ஆகவே ஜெபக்குமாரும் கேட்டை விட்டு அகல முடியவில்லை. கையில் ரிப்பனோடு, சட்டை முதுகில் ஒட்ட, ஒரு பக்கம் தலைவரும் காரும், மறுபக்கம் கடலும் இரைய, நின்றான். ஐந்து நிமிடம் போனது. பத்து. கால் மாற்றி நின்றான். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் ஏறி, இறங்கி, முடிந்துவிடும் போல் தோன்றி, மறுபடி ஏறியது. முடிந்தது என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் தோள் தன்னால் தளர்ந்து, தன்னால் விறைத்தது. இருபதாவது நிமிடத்தில், தானும் அதன் முடிவுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து அவனுக்குப் பகீரென்றது. எத்தனை மணி நேரம் ஒரு மனிதன் இப்படி நிற்க முடியும்? ரூத் எத்தனை ராத்திரி நின்றாள்?

மோசஸ் நாற்காலியில் தலை சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். கல்யாணி படிவத்தோடு ஓடி வந்தாள். நிஜமான புன்னகை இப்போது.

“சார், எவ்ளோ அமைதியா ஆயிட்டார் பாருங்க! தலைவர்கிட்ட கம்பி வழியாவே கேட்டுட்டேன். சேத்துக்கலாம்னு சொல்லிட்டார். இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா முடிஞ்சுது. கேட்டையும் தொறந்துடலாம்.”

ஜெபக்குமார் பேனாவை வாங்கினான். “ராத்திரில இந்தச் சத்தம் குறையுமா மேடம்?”

“ராத்திரிலதான் நல்லா கேக்கும் சார். பெரியவங்களுக்கு அது இதமா இருக்கும்னு தலைவர் கட்டுரையே எழுதியிருக்கார்.”

“இவர் எழுந்து வந்து கேட்டாண்ட நின்னார்னா?”

“நிக்க மாட்டார். மாத்திரை இருக்கு.”

“தினமுமா?”

பாவம், நல்ல பெண். பொய் சொல்ல அவளுக்கு இன்னும் யாரும் பயிற்சி தரவில்லை. “சத்தம் கேக்கறவரைக்கும் சார்” என்றாள்.

அவன் ரூத்தைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, உதவிக்கும் வரவில்லை.

“என்னப் பாக்காதீங்க. ‘வேணாம்’னு நான் சொல்லி, அப்பால நானே ராத்திரி முழிச்சி கெடந்து, நாளைக்கி நீங்க மேடையேறி ‘என் மனைவி, என் தெய்வம்’னு பேசறதுக்கு நான் ஆளு இல்ல. போடறதுன்னா போடுங்க. நானு நிம்மதியா தூங்குவேன். ஒரு வாரம் அழுதுகினே தூங்குவேன், ஆனா தூங்குவேன்.”

“ராத்திரி பத்துலேந்து காலைல ஆறு வரைக்கும் நான் பாத்துக்கறேன்.”

“எத்தினி நாளைக்கி?”

“தினம்.”

“தூங்குமூஞ்சி. உங்கள எழுப்பறதுக்கு நான் எழுந்திரிக்கணும்.”

“நின்னுகினே இருக்கேன்.”

“ஞாயித்துக்கெழம பகலும்.”

“ஞாயித்துக்கெழம பகலும்.”

“சபைக்கு?”

“நீ போய்ட்டு வா. எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு.”

ரூத் நம்பவில்லை என்பது அவள் உதட்டிலேயே தெரிந்தது. ஆனால் தாலிக்கயிற்றை விலக்கிக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “வேன் சாவி எங்க?” என்றாள்.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் கல்யாணியிடம் திருப்பிக் கொடுத்தான். பதினேழாவது கேள்வியில் ‘அ’வை அடித்துவிட்டு ‘இ’யில் ஒரு டிக் மட்டும் போட்டிருந்தான். பிறகு அப்பா அசையாமல் உறங்குவதைப் பார்த்துக்கொண்டே கொண்டியை மெல்ல மெல்ல நீக்கினான். சத்தம் வராமல்தான் நீக்கினான். முனைவரின் டிரைவர்தான் சந்தோஷம் தாங்காமல் ஒரு ஹாரன் அடித்தார்.

மோசஸ் துள்ளி எழுந்தார். திறந்த கேட்டையும் அதற்குள் நுழைகிற காரையும் பார்த்தார். ஓடி வந்தார். வந்த வேகத்தில், தேசியக் கருத்தரங்கின் அத்தனை பிரதிநிதிகளுக்கும் முன்னால், அன்றைய சிறப்புப் பேச்சாளர்களில் ஒருவனான ஜெபக்குமாரின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“வண்டி போய்க்கினே கீது, தொறந்துட்டியேடா பாவி! உன்ன எழுதி அனுப்பறேன் பாரு. ஆபீசுக்கே போறேன். எங்க ஜீப்பு?”

“ஜீப்பு ரெடி மாமா” என்று ரூத் வேன் கதவைத் திறந்துவிட்டாள். “ஏறுங்க, செங்கல்பட்டு போயி புகார் குடுத்துடலாம்.”

திருக்கழுக்குன்றம் வரை பெரியவர் ஓயவில்லை. முன்சீட்டில் விளிம்பில் உட்கார்ந்து, டாஷ்போர்டைத் தட்டி, “ஏத்திப் போப்பா, ஆபீஸ் மூடிடுவான்” என்று டிரைவரை விரட்டினார். டிரைவரின் கன்னம் வீங்கியிருந்தது. அது எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. ரூத் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தாள்.

“புதுசா ஒருத்தன அனுப்பிக்கீறானுங்க. பாதி வண்டிகூட தாண்டல. நீ பாத்தல்ல? சாட்சி சொல்லுவல்ல?”

“சொல்றேன்” என்றான் ஜெபக்குமார்.

“பேரு மட்டும் நல்ல பேரு.”

“அவன இன்னா பண்ணலாம் நைனா?”

வேன் குளக்கரை நெரிசலில் சிக்கி நின்று, ஊர்ந்து, மறுபடி நின்றது. மோசஸின் விரல்கள் மட்டும் டாஷ்போர்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

“வேலைய வுட்டுத் தூக்கக் கூடாது. பொண்டாட்டி புள்ள கீதோ இன்னாமோ” என்றார். “ஒரு வருசம் நைட் டூட்டி போட்டுடணும்.”

“ரெண்டு வருசமா போடுங்க மாமா” என்றாள் ரூத், கண்ணைத் திறக்காமலே.